தறியும் அடையாள அட்டையும்

2018 ஜூன் மாதம் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் வெள்ளத்தில் சிக்கிக்கொண்ட பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரையும் உலகமே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூலை 10ஆம் தேதி கடைசி ஆளும் வெளியே வந்தபோது நம் ஊர் டீக்கடைகளிலும் அதுதான் பேச்சு. அதற்குப் பின் வந்த ஒரு சின்னச் செய்தி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. மீட்கப்பட்ட பதின்மூன்று பேரில் பயிற்சியாளரும் மூன்று சிறுவர்களும் எந்த நாட்டின் குடிமக்களும் அல்ல. தாய்லாந்தில்தான் வளர்ந்தார்கள், அங்கேதான் படித்தார்கள், விளையாடினார்கள். ஆனால் அந்த நாட்டின் அடையாள அட்டை அவர்களிடம் இல்லை. ஆகஸ்ட் 8 அன்று அரசு அதைக் கையில் கொடுத்தது. குகைக்குள் மாட்டாமல் இருந்திருந்தால் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்களோ!

அந்தக் குகை இருப்பது மே சாய் வட்டத்தில். தாய்லாந்தின் வடகோடி ஊர் அது. ஒரு சிற்றாறு, அதன்மேல் ஒரு பாலம், பாலத்தைத் தாண்டினால் மியான்மாரின் தாச்சிலேக். இந்த எல்லை ஊரையும், அதைச் சுற்றி சியாங் ராய், சியாங் மாய் மாகாணங்களில் அடுக்கடுக்காக எழும் மலைகளையும் வைத்துத்தான் இந்தக் கட்டுரை. அங்கே வாழும் அகா, லாஹு, கரேன், மோங், லிசு, மியேன் இனப் பிள்ளைகளை விற்பனைக்கும் ஏய்ப்புக்கும் போகாமல் தடுக்க ஊசியும் நூலும் தறியும் எவ்வளவு தூரம் உதவின என்பதுதான் கேள்வி. உதவின. ஆனால் அவற்றை நடத்துபவர்களின் நோட்டீஸ்களில் சொல்லப்படும் விதத்தில் அல்ல.

முதலில், பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மலைகளில் ஒரு காலத்தில் கையில் காசு புரள வைத்தது அபின். 1959இல் அரசு அதைத் தடைசெய்தது. மலையில் சாகுபடி உண்மையில் ஒழிய மேலும் இருபது முப்பது வருடம் ஆனது. அபின் போன இடத்தில் முட்டைக்கோஸும் சோளமும் வந்தன. அதே காலத்தில் காட்டை எரித்துப் பயிர்செய்த சரிவுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடு, தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டன. நிலம் சுருங்கியது, சாலை வந்தது. சாலை வந்தால் கடை வரும், கடை வந்தால் கடன் வரும். கடனோடு புரோக்கரும் வந்தார்.

புரோக்கர் என்றதும் சினிமாவில் வரும் கறுப்புக் கண்ணாடி ஆளை நினைத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அவர் உறவுக்காரர், பக்கத்து ஊர்க்காரர், அல்லது முன்பே நகரத்துக்குப் போய் வளையலும் செல்போனுமாகத் திரும்பி வந்த ஒரு அக்கா. வடக்குத் தாய்லாந்தின் சமவெளிக் கிராமங்களில் எண்பதுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வயல் பச்சையாக நிற்கும்போதே வியாபாரி விளைச்சலுக்கு விலை பேசி முன்பணம் கொடுப்பார் அல்லவா, அதேபோல் ஆறாம் வகுப்பு முடிக்காத பெண் குழந்தைக்குப் பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துவைத்தார்கள். பள்ளி முடிந்த அன்று வண்டி வாசலில் நிற்கும். போன பிள்ளை பாங்காக்கிலோ தெற்கிலோ விபசார விடுதியில் அந்தக் கடனை வட்டியோடு அடைக்க வேண்டும். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயமும், சமவெளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பு கூடியதும் சேர்ந்து அங்கே வரத்து குறைந்தபோது, ஆள் தேடியவர்கள் மலை ஏறினார்கள்.

மே சாயில் 1989இல் சோம்போப் ஜந்தராகா என்பவர் 19 சிறுமிகளோடு ஒரு முயற்சியைத் தொடங்கினார். விபசாரத்தில் தள்ளப்பட்ட பெண்களைப் பேட்டி கண்டு ஆராய்ச்சிக்குத் தகவல் சேகரிக்கும் வேலையில் இருந்தவர். போனவர்களை மீட்டுக்கொண்டு வருவதைவிட, போகவிருப்பவர்களைப் போகவிடாமல் செய்வது எளிது என்பது அவர் கணக்கு. அடுத்து யார் போவார்கள் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. அப்பா அபின் பிடிப்பவரா, வீட்டில் கடன் இருக்கிறதா, மூத்தவள் ஏற்கெனவே போய்விட்டாளா, இவள் ஆறாம் வகுப்பை எப்போது முடிக்கிறாள் என்று பார்த்தால் போதும். அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப்பிடித்து மேலே படிக்க வைத்தார். கூடவே தையல், நெசவு மாதிரி ஒரு கைத்தொழில். அந்த முயற்சி பிற்பாடு எல்லையின் இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்குமான அமைப்பாக வளர்ந்தது. அடையாள அட்டை இல்லாததால் அரசுப் பள்ளி சேர்க்காத பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளியும் நடத்தியது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1987இல், சியாங் மாயில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளான பால் லூயிஸ், எலைன் லூயிஸ் தம்பதி மலையினப் பெண்களுக்காக ‘நியூ லைஃப் சென்டர்’ தொடங்கியிருந்தார்கள். தங்க இடம், படிப்பு, தையல் வேலை. இவர்கள் இருவரும் அந்த மலையினங்களின் உடைகளையும் அணிகளையும் பற்றிப் பெரிய நூல் எழுதியவர்கள். கைவேலையின் மதிப்பு தெரிந்தவர்கள் தொடங்கியது என்பதால் அதை ஒரு பொழுதுபோக்காக நினைக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் முன்னோடி ஒன்று உண்டு. மன்னர் பூமிபோலின் தாயார் ஸ்ரீநகரிந்திரா, அறுபதுகளில் மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் எல்லைக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர், மலைப் பெண்கள் உடுத்தியிருந்த துணிகளில் இருந்த வேலையைக் கவனித்தார். அதை விலைக்கு வாங்கி நகரத்தில் விற்பதற்கென்று 1972இல் ஒரு கைவினை அறக்கட்டளை உருவானது. 1985இல் அது ‘மே ஃபா லுவாங்’ அறக்கட்டளை என்று பெயர் மாறியது. சியாங் ராயில் அதற்கு இருந்த இடத்தில் மலையின இளைஞர்களைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார்கள்.

1988இல் அதே அறக்கட்டளை டோய் துங் மலையை எடுத்துக்கொண்டது. 29 கிராமங்கள், சுமார் 11,000 மக்கள். அகா, லாஹு, ஷான், சீனாவிலிருந்து வந்த கோமிந்தாங் படையினரின் குடும்பங்கள் என்று பல கலவை. மொட்டையாகிப் போன மலை, அபின், ஆயுதம், பெண் வியாபாரம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. திட்டத்தின் ஆயுள் முப்பது வருடம் என்று முதலிலேயே வகுத்தார்கள். வழக்கமாக இரண்டு மூன்று வருட நிதியோடு வந்து போகும் திட்டங்களையே பார்த்த நமக்கு இதுவே வியப்பு. காடு வளர்த்தார்கள், காப்பியும் மக்காடமியாவும் நட்டார்கள். பெண்களுக்குத் தறிக்கூடம், சா மரப்பட்டையில் காகிதம் செய்யும் கூடம், பிறகு மண்பாண்டக் கூடம். வடிவமைப்பாளர்களைக் கொண்டுவந்து, பாங்காக்கில் கடை திறந்து, நல்ல விலைக்கு விற்றார்கள். ஐக்கியா நிறுவனத்துக்குச் சரக்கு செய்துகொடுத்தார்கள். தன் பொருள்களில் ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் முத்திரையைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் டோய் துங்குக்குக் கிடைத்தது. ‘ஏழைப் பெண் செய்தது, பாவம் வாங்குங்கள்’ என்று விற்பதை அவர்கள் விரும்பவில்லை. துணி நன்றாக இருந்தால் வாங்கு, இல்லையென்றால் வேண்டாம். என் பார்வையில் டோய் துங் செய்ததில் மிகப் பெரியது இதுதான். அரச குடும்பத்தின் ஆதரவு இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்றால், நடந்திருக்காது. எல்லா மலைக்கும் ஒரு ராஜமாதா கிடைப்பதில்லை.

தறியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கரேன் பெண்கள் நெய்வது இடுப்புத் தறியில். பாவின் ஒரு முனையை வீட்டுத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்பைச் சுற்றிய வாரில் மாட்டி, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து நெய்வார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். வேலை முடிந்தால் சுருட்டி மூலையில் வைத்துவிடலாம். பள்ளிவிட்டு வந்த பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நெய்யலாம். வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். 1973இலிருந்து சியாங் மாயில் இயங்கும் ‘தாய் டிரைபல் கிராஃப்ட்ஸ்’ மாதிரி நியாய வணிக அமைப்புகள் இந்த முறையைத்தான் நம்பின. நெசவு கிராமத்தில், விற்பனை நகரத்தில்.

ஆனால் இடுப்புத் தறியில் கை எட்டும் அகலம்தான் துணி வரும். கரேன் சட்டையே இரண்டு பட்டைகளை நடுவில் சேர்த்துத் தைத்ததுதான். பை, துண்டு, மேசை விரிப்பின் நடுப்பட்டை ஆகியவற்றுக்கு அது போதும். ஓட்டலுக்குத் திரைச்சீலை வேண்டும், சோபாவுக்கு உறை வேண்டும் என்று பெரிய ஆர்டர் வந்தால் போதாது. மரச்சட்டத் தறி வேண்டும், கூடம் வேண்டும், எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகும் ஆட்கள் வேண்டும். டோய் துங் அந்த வழியில் போனது. சம்பளம் நிலையானது, வருமானம் கூடுதல். ஆனால் கூடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள கிராமங்களுக்குத்தான் பயன். இரண்டு மலை தாண்டி இருக்கும் ஊர்ப் பெண்ணுக்குத் திண்ணைத் தறிதான் கதி, அவ்வப்போது வரும் கூலிதான் வருமானம். எந்த வழி சரி என்பதில் பல வருடமாக வாதம் நடக்கிறது. எனக்குக் கூடம்தான் சரியென்று படுகிறது. புரோக்கர் கொண்டுவருவது மொத்தத் தொகை. அதற்கு எதிராக நிற்கக்கூடியது மாதம் தவறாமல் வரும் சம்பளம். எப்போதாவது ஒரு பைக்குக் கிடைக்கும் காசு அல்ல.

இந்தப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் ‘கற்றுக்கொடுக்கிறோம்’ என்று வெளியிலிருந்து போகிறவர்கள் சொல்லும்போது சிரிப்பு வரும். மோங் பாட்டி ஒருத்தி கஞ்சா இனச் செடியின் நாரைக் கிழித்து, நூற்று, நெய்து, தேன்மெழுகால் கோலம் எழுதி, அவுரியில் முக்கி, மாதக்கணக்கில் ஒரு மடிப்புப் பாவாடை செய்வாள். மியேன் பெண் துணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே முன்பக்கத்தில் பூ வரவைப்பாள். அகாப் பெண் மலையேறி நடக்கும்போதே பஞ்சு நூற்பாள். இவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுப்பது? உண்மையில் விடுபட்டிருந்த கண்ணி வேறு. பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போனதால் பாட்டியின் கைவேலை பேத்திக்கு வரவில்லை. உருப்படியாக நடந்த பயிற்சிகளில் பாட்டிதான் ஆசிரியை. வெளியாட்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது அளவெடுப்பது, சாயம் போகாமல் பார்ப்பது, சொன்ன தேதிக்குக் கொடுப்பது, நூல் விலையையும் நேரத்தையும் சேர்த்து அடக்கவிலை போடுவது, வியாபாரியிடம் ‘கட்டாது’ என்று சொல்வது. இவற்றில் கடைசியானதுதான் கடினம்.

தையல் மிஷின் வழங்கும் விழாக்கள் நமக்குப் பழக்கமானவை. வரிசையாக மிஷின், மேடையில் பிரமுகர், போட்டோ. அங்கேயும் அதே கூத்து நடந்தது. பயிற்சி முடித்த பெண்ணுக்கு ஆர்டர் கொடுக்க ஆளில்லை என்றால், மிஷின் மேல் துணி காயப்போடுவார்கள். அவள் பஸ் ஏறுவாள். சுற்றுலாக் கடைவீதிகளில் ‘மலையினக் கைவினை’ என்று விற்கப்படுவதில் நிறைய, கோலம் அச்சடித்த மில் துணி. பழைய மோங் பாவாடைகளை எங்கிருந்தெல்லாமோ மூட்டையாக வாங்கி வெட்டிப் பையாக்கி விற்பதும் உண்டு. மாதக்கணக்கில் கை உழைத்த துணிக்கும் மெஷின் அச்சுக்கும் ஒரே விலை கேட்கிற இடத்தில், எந்தப் பயிற்சியும் ஒரு பெண்ணை ஊரில் நிறுத்தாது. 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது, வெளிநாட்டுப் பயணியின் பர்ஸை மட்டும் நம்பியிருந்த திட்டங்கள் தடுமாறின. உள்நாட்டுச் சந்தையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள்.

கைவினையே சிறையாகிப் போன கதையும் அதே மலைகளில் இருக்கிறது. கழுத்தில் பித்தளை வளையம் அணியும் கயான் பெண்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மியான்மாரின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி எண்பதுகளில் மே ஹோங் சோன் மாகாணத்துக்கு வந்தவர்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், அவர்கள் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தறியும் உண்மையான தறிதான், துணியும் உண்மையான துணிதான். ஆனால் அவர்களில் சிலருக்கு நியூசிலாந்தில் குடியேற வாய்ப்பு வந்தபோது, தாய்லாந்து அதிகாரிகள் வெளியேற அனுமதி தர மறுத்தார்கள். 2008இல் ஐ.நா. அகதிகள் அமைப்பு இதை வெளிப்படையாகக் கண்டித்தது. அந்தக் கிராமங்களுக்குப் போகாதீர்கள் என்று பயணிகளிடம் சொல்லும் அளவுக்குப் போனது. தறியின் முன் உட்கார்ந்திருப்பவளுக்கு எழுந்து போக உரிமை இருக்கிறதா? கைவினைத் திட்டம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி இது.

அந்த உரிமை அடையாள அட்டையில் இருக்கிறது. யுனெஸ்கோவின் பாங்காக் அலுவலகத்தில் ஆள்கடத்தல் ஆய்வுகளை நடத்திய மானுடவியலாளர் டேவிட் ஃபைன்கோல்ட், அகா மக்களோடு பல காலம் பழகியவர். மலையினப் பெண் கடத்தலுக்கு ஆளாவதற்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் குடியுரிமை இல்லாததுதான் என்பது அந்த ஆய்வுகள் கண்ட முடிவு. வறுமை, படிப்பின்மை என்று நாம் அடுக்கும் காரணங்கள் அதற்குப் பின்னால்தான். 2003இல் வந்த அவருடைய ‘டிரேடிங் விமன்’ ஆவணப்படமும் இதைத்தான் சொன்னது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தால் விளங்கும். குடியுரிமை இல்லாத மலைவாசி தன் பகுதியை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சியாங் ராயிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் செக்போஸ்ட்டுகள் உண்டு. சீட்டு இல்லாத பதினாறு வயதுப் பெண் நகரத்தில் வேலைக்குப் போக வேண்டுமென்றால், செக்போஸ்ட்டைக் கடத்திவிட ஒரு ஆள் தேவை. அந்த ஆள்தான் புரோக்கர். போய்ச் சேர்ந்த இடத்தில் சம்பளம் தராவிட்டாலும், அடித்தாலும், பூட்டிவைத்தாலும் போலீசுக்குப் போக முடியாது. போனால் முதலில் பிடிபடுவது அவள். தையலில் அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் முறையான கம்பெனி அவளைச் சேர்க்காது, வங்கிக் கணக்கு திறக்க முடியாது, சொந்தமாகக் கடை போட முடியாது.

2005இல் தாய்லாந்து அரசு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் சேரலாம் என்று முடிவெடுத்தது. பதிவு இல்லாத பிள்ளைகளுக்கு ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் 2023இல் நடுத் தாய்லாந்தின் அங் தோங் மாகாணத்தில் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இப்படிப்பட்ட 126 பிள்ளைகளை, சட்டவிரோதமாகக் கூட்டிவரப்பட்டவர்கள் என்று சொல்லி வடக்கே திருப்பி அனுப்பினார்கள். பள்ளி வாசலே இப்படி என்றால் மற்ற வாசல்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அதனால்தான் மே சாய் பக்கம் வேலைசெய்யும் அமைப்புகளில் கெட்டிக்காரத்தனமானவை, நெசவுப் பயிற்சியோடு பிறப்புச் சான்றிதழ் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. பிரசவம் பார்த்த கிழவியைச் சாட்சியாக வட்ட அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, ஊர்த் தலைவரிடம் கையெழுத்து வாங்குவது, படிவம் நிரப்புவது. போட்டோ எடுத்துப் போட லாயக்கில்லாத வேலை. நன்கொடையாளருக்குக் காட்ட ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளையை அதிகமாகக் காப்பாற்றுவது இந்த வேலைதான். தறி செய்வது அவகாசம் வாங்கிக்கொடுப்பது. படிவம் ஏறி இறங்கும் அந்தச் சில வருடங்களில் வீட்டுக் கடனை அடைக்க ஒரு வழி, பள்ளியில் தொடர ஒரு சாக்கு.

2024 அக்டோபர் 29 அன்று தாய்லாந்து அமைச்சரவை எடுத்த முடிவு, இந்த மலைகளில் பல வருடங்களாகக் கேட்கப்பட்ட ஒன்று. நீண்டகாலமாக அங்கே வாழ்பவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமையும், அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குடியுரிமையுமாக, மொத்தம் சுமார் 4,83,000 பேருக்கு வழி செய்தது. குடியுரிமை விண்ணப்பத்தை முடிக்க முன்பு 180 நாள். புதிய விதியில் 5 நாள். வட்ட அலுவலகங்களில் எந்த வேகத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றது.

பையன்களைப் பற்றி இத்தனை நேரம் சொல்லவில்லை. கைவினைத் திட்டங்களும் அப்படித்தான் இருந்தன. தறியும் ஊசியும் பெண்ணுக்கு என்று வகுத்துவிட்டுப் பையன்களை மறந்துவிட்டார்கள். அவர்கள் மீன்பிடிப் படகுகளுக்கும், கட்டட வேலைக்கும், யாபா என்ற போதை மாத்திரை கடத்தவும், சியாங் மாய் மதுக்கடைகளுக்கும் போனார்கள். கரேன் வெள்ளி வேலை அவர்களுக்கு ஒரு வழி. உலகமெங்கும் விலைபோகும் சரக்கு. காப்பி இன்னொரு வழி. அகா இளைஞர் ஒருவர் 2010இல் தன் ஊர்க் காப்பியைத் தானே வறுத்து, தானே சியாங் மாயில் கடை வைத்து விற்கத் தொடங்கிய ‘அகா அமா’ இன்று பெயர்பெற்ற காப்பி. வறுப்பதும் கலப்பதும் சுவைத்துத் தரம் பிரிப்பதும் கைத்தொழில்தான். பயிற்சித் திட்டம் வகுப்பவர்கள் பூத்தையலைத் தாண்டி யோசித்தால் பையன்களுக்கும் இடம் கிடைக்கும்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று தாய்லாந்து 2023இல் அறிவித்த பிறகு, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய்வருகிறார்கள். பாங்காக்கோடு நிற்காமல் சியாங் மாய்க்கும் போகிறார்கள். நீங்களும் போனால், இரவுச் சந்தையில் பதினொரு மணிக்கு அகா தொப்பியோடு கையில் பாசிமணி வளையல் நீட்டும் குழந்தையிடம் வாங்காதீர்கள். வாங்கினால் நாளைக்கும் அவளை அங்கே நிறுத்துவார்கள். கழுத்து வளையக் கிராமத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அனாதை விடுதியில் பிள்ளைகளை ஆடவைத்துக் காட்டுகிறோம், நன்கொடை கொடுங்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். எந்த ஊரில் நெய்தது, நெய்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த கடையைத் தேடி அங்கே வாங்குங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும். பேரம் பேசாமல் கொடுங்கள்.